கண் சிமிட்டும் மீட்டர்

(பணியிடைப் பயிற்சியில் அறிவியல், கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உணவு இடைவேளைக்கு முந்தைய அமர்வு என்னுடையது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கிலோவாட் மணி என்பது எத்தனை ஜூல் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள். 36 லட்சம் என்று தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். உங்கள் வீட்டு ஃபேன் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்று கேட்டால் விழிப்பார்கள். வாட் என்பது ஆற்றல் செலவாகும் வேகம், யூனிட் என்பது செலவான மொத்தம். இந்த வேறுபாடு மனதில் பதியாமலே பாடத்தை முடித்துவிடுகிறோம். அதைப் பதிய வைக்கும் கருவி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொங்குகிறது.

வெளிநாடுகளில் இதற்கென்றே ஒரு சிறு திரை வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும்போது வீட்டுக்குள் வைத்துக்கொள்ள ஒரு காட்சித் திரையையும் இலவசமாகத் தருகிறார்கள். ஏறக்குறைய பத்து வினாடிக்கு ஒருமுறை அந்த நேரத்து மின்செலவு அதில் மாறும். கெட்டிலைப் போட்டால் எண் எகிறும், அணைத்தால் இறங்கும். கடைகளில் விற்கும் கண்காணிப்புக் கருவிகள் வேறு வகை. மெயின் வயரைச் சுற்றி ஒரு கவ்வியை மாட்டினால் அது மின்னோட்டத்தை அளக்கும். விலை குறைந்தவற்றில் பல, மின்னழுத்தம் 230 வோல்ட் என்று தாமாகவே வைத்துக்கொண்டு பெருக்கிவிடும். நம் கிராமங்களில் மாலை நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மோட்டார் உள்ள சாதனங்களில் திறன் காரணி வேறு குறுக்கிடும். ஆகவே அந்த எண்ணை வேதவாக்காக எடுக்க முடியாது. அதோடு, கவ்வியை மாட்ட மெயின் பெட்டியைத் திறக்க வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை. பிள்ளைகள் பக்கத்திலேயே போகக் கூடாது.

நமக்கு இந்தச் செலவெல்லாம் வேண்டாம். இப்போதுள்ள மின்னணு மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே 3200 imp என்பது போல ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு யூனிட் செலவாவதற்குள் அந்த விளக்கு 3200 முறை சிமிட்டும் என்று பொருள். சில மீட்டர்களில் 1600, சிலவற்றில் 6400. படித்துப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

36 லட்சம் ஜூலை 3200 ஆல் வகுத்தால் 1125. ஒரு சிமிட்டலுக்கு 1125 ஜூல். இரண்டு சிமிட்டலுக்கு நடுவே எத்தனை வினாடி என்று பார்த்து, 1125 ஐ அந்த வினாடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைத்துவிடும். வினாடிக்கு ஒரு சிமிட்டல் என்றால் 1125 வாட். 15 வினாடிக்கு ஒன்று என்றால் 75 வாட், அதாவது ஒரு பழைய சீலிங் ஃபேன். 9 வாட் எல்.இ.டி. பல்பு மட்டும் எரிந்தால் 125 வினாடி காத்திருக்க வேண்டும். அதுவரை பொறுமையாக நிற்கும் பையனைப் பார்த்தாலே நமக்கு ஒரு மகிழ்ச்சி!

கணித ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. "ஒரு ஃபேனுக்கு 15 வினாடி. இரண்டு ஃபேன் போட்டால்?" என்று வகுப்பில் கேட்டால் முதல் பதில் பெரும்பாலும் 30 என்றுதான் வரும். நீங்கள் விடையைச் சொல்லாதீர்கள். மறுநாள் வீட்டில் பார்த்துவிட்டு, ஏழரைதான் வந்தது என்று அவர்களே வந்து சொல்லட்டும். எதிர் விகிதத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. எத்தனை ஆட்கள், எத்தனை நாட்கள் என்று எத்தனை வருடம்தான் சுவர் கட்டிக்கொண்டிருப்பது?

இதே இடத்தில் இன்னொன்றும் சொல்லித் தர வேண்டும். வீட்டில் ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது மிக்சியை மட்டும் அளக்க வேண்டுமென்றால், போடுவதற்கு முன் ஒருமுறையும் போட்ட பின் ஒருமுறையும் அளந்து கழிக்க வேண்டும். வாட்டைத்தான் கழிக்கலாம், வினாடியைக் கழிக்கக் கூடாது. பாதிப் பேர் வினாடியைத்தான் கழிப்பார்கள்.

அளப்பதற்கு முன் ஊகத்தை எழுதச் சொல்லுங்கள். வெறுமனே அளக்கச் சொன்னால் இரண்டு நாளில் ஆர்வம் வற்றிவிடும். தன் ஊகம் சரியா என்று பார்க்கப் போகிற பிள்ளைக்குத்தான் அந்த 125 வினாடி பொறுமை வரும். என் வகுப்பில் எது அதிகம் இழுக்கும் என்று கேட்டபோது நிறையப் பேர் செல்போன் சார்ஜர் என்று எழுதினார்கள். வீட்டில் அவர்கள் அதற்குத்தானே திட்டு வாங்குகிறார்கள்! தினமும் ஒருமுறை முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் இரண்டு மாதத்துக்கு ஒன்றரை யூனிட் அளவுதான் வரும். தலைக்கு மேலே பத்து மணி நேரம் சுற்றும் ஒரே ஒரு 75 வாட் ஃபேன் அதே இரண்டு மாதத்தில் 45 யூனிட். அதே காற்றைத் தரும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 28 வாட் என்றால் 17 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர், பெயர் வேண்டாம். வாடகை வீடு, சப்-மீட்டர். கரண்ட் பில் கூடிக்கொண்டே போகிறது. ராத்திரியில் அம்மா ஓட்டும் தையல் மெஷின்தான் காரணம், அதை நிறுத்தினால் போதும் என்று வீட்டில் பேச்சு. அந்தத் தையல் கூலியில்தான் இந்தப் பெண்ணின் பஸ் செலவும் நோட்டுப் புத்தகமும். வகுப்பில் இந்தக் கணக்கைப் பார்த்த அன்று மாலை, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மெஷினை மட்டும் ஓட்டச் சொல்லியிருக்கிறாள். அவர்கள் மீட்டரில் 1600 என்று இருந்தது. ஆகவே ஒரு சிமிட்டலுக்கு 2250 ஜூல். நிறுத்தாமல் ஓட்டியும் நான்கு சிமிட்டலுக்கு 100 வினாடி ஆனது. அப்படியானால் 90 வாட். தினம் மூன்று மணி நேரம் விடாமல் தைத்தாலே இரண்டு மாதத்துக்கு 16 யூனிட்தான். காலையில் குளிக்க வாளியில் போடும் ஹீட்டர் ராடுக்குப் பத்துச் சிமிட்டல் 15 வினாடியில் முடிந்தது. 1500 வாட். அரை மணி நேரம் வீதம் 45 யூனிட். நோட்டில் அட்டவணை போட்டு அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பிறகு சொன்னாள். ராடு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம்.

கேட்காமல் விட வேண்டியவை இதில் நிறைய உண்டு. யார் வீட்டில் ஏசி இருக்கிறது, யார் வீட்டுக்குப் பெரியப்பா வீட்டிலிருந்து வயர் இழுத்திருக்கிறது என்பதெல்லாம் வகுப்பில் வெளியே வரக் கூடாது. பெயரில்லாமல் சீட்டில் எழுதி வாங்குங்கள். பில் தொகையை ஒப்பிடாதீர்கள். சொந்த மீட்டர் இல்லாத பிள்ளைக்குப் பள்ளி மீட்டர் இருக்கிறது. தொடாமல், பெரியவர் ஒருவர் உடனிருக்க, தள்ளி நின்று பார்க்க மட்டுமே அனுமதி என்பதைப் பெற்றோருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் இந்தக் கேள்வி இன்னும் பெரிதாகும். இப்போது ரீடிங் எடுப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரே ஒரு எண்ணைக் குறித்துப் போகிறார். ஸ்மார்ட் மீட்டரோ அரை மணிக்கோ கால் மணிக்கோ ஒருமுறை பதிந்து அனுப்பும். வீட்டில் எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எந்த வாரம் ஊரில் இல்லை என்பதை அந்த வரைபடமே சொல்லிவிடும். ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை நெதர்லாந்தின் மேலவை 2009 இல் ஏற்க மறுத்ததற்குத் தனியுரிமை ஒரு முக்கியக் காரணம். மீட்டரை வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இதைச் சொல்லவில்லை. எனக்கு அதில் நன்மை அதிகம் என்றுதான் படுகிறது. ஆனால் பெயர் எழுதாத ஒரு மாதிரி வரைபடத்தைக் கரும்பலகையில் போட்டு, "இந்த வீட்டைப் பற்றி உங்களுக்கு என்னென்ன தெரிகிறது?" என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் சொல்லும் பதில்கள் நம்மையே நிமிர்ந்து உட்கார வைக்கும்.

கட்டணப் பட்டியலும் ஒரு நல்ல கணிதப் பாடம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 501 ஆனால் 1958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500 ஐத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த 2 ரூபாய் 25 காசு என்ற சலுகை விலை போய், அதற்கும் 4 ரூபாய் 50 காசு ஆகிவிடுவதுதான் காரணம். இதைப் படமாக வரைந்தால் கோடு அந்த இடத்தில் துண்டாகி மேலே தாவும். தொடர்ச்சி இல்லாத சார்பு என்று மேல்நிலை வகுப்பில் சொல்லித் தருவதை எட்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டு வெள்ளை அட்டையிலேயே பார்த்துவிடலாம். இப்போதைய விகிதத்தை உங்கள் பில்லில் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். 480 இல் நிற்கும் வீட்டில், ரீடிங் எடுக்க இன்னும் ஆறு நாள் இருக்கும்போது இந்தக் கணக்கு தெரிந்த ஒரு பிள்ளை இருந்தால் அந்த வீட்டுக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பாருங்கள்.

நேரமாகிவிட்டது. சாப்பிடப் போகும் வழியில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் இந்த மையத்தின் மீட்டர் இருக்கிறது. மும்முனை மீட்டர், ஆகவே எத்தனை சிமிட்டல் என்பதை முதலில் படித்துக்கொள்ளுங்கள். இந்தக் கூடத்தில் எட்டு ஃபேன், பன்னிரண்டு டியூப் லைட், ஒரு புரொஜெக்டர் ஓடுகின்றன. மாடியில் என்ன ஓடுகிறது என்பது எனக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரு துண்டுத் தாளில் மொத்தம் எத்தனை வாட் இருக்கும் என்று இப்போதே எழுதிவிட்டு எழுந்திருங்கள். பிற்பகல் அமர்வைத் தாளைப் பார்த்துத்தான் தொடங்கப் போகிறேன். பெயர் எழுத வேண்டாம்.