வள்ளல்களும் பாணர்களும்

(கைலாசபுரம் பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



நமக்கு முன் பேசிய தோழர் பழந்தமிழ் வள்ளல்களின் பெருமையை வெகு அழகாக எடுத்துச் சொன்னார். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி என்றும், மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் என்றும் அவர் சொல்லும்போதெல்லாம் நீங்கள் கைதட்டினீர்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பதற்கு நாம் எழுந்திருக்கவில்லை. ஆனால் கை தட்டி ஓய்ந்தபிறகு, வீட்டுக்குப் போகும் வழியில் நீங்கள் யோசித்துப் பார்க்கவேண்டிய ஒரு கேள்வியை மாத்திரம் கேட்கலாமென்று நினைக்கின்றோம். அது என்னவென்றால், இந்த வள்ளல்கள் இவ்வளவு கொடுத்தார்களே, வாங்கினவனுடைய கதி கடைசியில் என்ன ஆயிற்று என்பதுதான்.

நாம் வித்துவான் பரீட்சை கொடுத்தவரல்ல. பள்ளிக்கூடத்தில் படித்ததும் கொஞ்சந்தான். 1894-ஆம் வருஷத்தில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் புறநானூற்றை அச்சுப்போட்டு வெளியிட்டதனாலும், பின்னால் பலர் உரை எழுதியதனாலும், நம்மைப் போன்றவர்களும் அதைப் படித்துப் பார்க்க முடிந்தது. ஆகையால் இங்கு நாம் சொல்லுவதெல்லாம் அந்தப் புத்தகங்களிலேயே இருப்பதுதான். சந்தேகமுள்ளவர்கள் தாராளமாகப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒப்புக்கொள்ளவேண்டியதை ஒப்புக்கொண்டுவிடுவோம். அக்காலத்துப் புலவர்களில் பலர் மானமுள்ளவர்களாய் இருந்தார்கள். இந்தக் கைலாசபுரத்திலிருந்து பஸ் ஏறித் திருச்சி போனால் அங்கேயே இருக்கின்றது உறையூர். அதுதான் பழைய சோழர்களின் தலைநகரம். அந்த உறையூருக்குள் நெடுங்கிள்ளி அடைபட்டுக் கிடக்க, நலங்கிள்ளி வெளியிலிருந்து முற்றுகை போட்டான். இருவரும் சோழர்கள், ஒரே குலத்தார். கோவூர்கிழார் என்னும் புலவர் நடுவில் நின்று, உங்களில் எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்று முகத்துக்கு நேரே கேட்டார். இளந்தத்தன் என்னும் ஏழைப் புலவனை ஒற்றன் என்று சொல்லி நெடுங்கிள்ளி கொல்லப் போனபோதும் அவரே தடுத்தார். பெருஞ்சித்திரனார் என்ற ஒருவர், தம்மைப் பாராமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை, நாம் வியாபாரம் செய்ய வந்தவரல்ல என்று சொல்லித் தள்ளிவிட்டார். வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பிள்ளை, வெண்ணிப்போரில் வென்ற கரிகாலனிடத்திலேயே, உன்னிடம் புண்பட்டு வெட்கப்பட்டு உயிர்விட்டவன் உன்னைவிட நல்லவனல்லவா என்று கேட்டார். இன்று ஒரு சாதாரண மெம்பரிடம் இப்படிக் கேட்கக் கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள்.

ஆகவே அந்தப் புலவர்களை நாம் குறைசொல்ல வரவில்லை. அவர்கள் எந்த ஏற்பாட்டில் ஜீவனம் செய்யவேண்டியிருந்ததோ, அந்த ஏற்பாட்டைத்தான் பார்க்கச் சொல்லுகின்றோம்.

சிறுபாணாற்றுப்படை என்று ஒரு பாட்டு இருக்கின்றது. கடையெழு வள்ளல்களின் பேரையும் ஒன்றாய்ச் சேர்த்துச் சொல்லுகின்ற பாட்டு அது. ஆனால் வள்ளல்களை மேடையில் புகழுகின்றவர்கள், அதே பாட்டில் வருகின்ற பாணன் வீட்டு அடுப்படியைப் பற்றிப் பேசுவதில்லை. இடிந்துபோன அடுக்களை, அதிலே ஒரு நாய் குட்டி போட்டுக் கிடக்கின்றது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளிவந்து, போடுவதற்கு உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கின்றாள். அதைத் தின்பதை அண்டை அயலார் பார்த்தால் வெட்கமென்று கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு தின்கிறார்கள். பெருந்தலைச்சாத்தனார் பாட்டில், சமைக்காத அடுப்பிலே காளான் பூத்திருக்கின்றது. தாயின் வற்றிய முலையைச் சப்பிப் பார்த்துக் குழந்தை அழுகின்றது. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் போகின்றவனுடைய கந்தலில் ஈரும் பேனும் குடியிருக்கின்றன.

இவை எதிரிகள் எழுதிய கதையல்ல. வள்ளல்களைப் புகழுகின்ற பாட்டுக்களிலேயே உள்ள சங்கதி. வருஷத்தில் ஒரு நாள் அரண்மனையில் பட்டும் கறியும் கள்ளும். மற்ற நாளெல்லாம் வீட்டில் உப்பில்லாக் கீரை. வள்ளல்கள் நிறைந்த நாட்டில் அடுப்பிலே காளான் பூப்பானேன்? பாடினவனுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருந்ததா? மாதம் தவறாமல் வருமென்கிற நிச்சயம் இருந்ததா? ஒன்றும் கிடையாது. கொடுப்பவனுக்கு மனம் வந்தால் யானை, வராவிட்டால் வெறுங்கை. இதற்குப் பேர்தான் கொடை.

கொடுப்பவனுடைய மனம் எப்படியெல்லாம் போகும் என்பதற்குப் பேகனே சாட்சி. மயில் குளிரால் நடுங்குகின்றதென்று நினைத்துப் போர்வையைக் கொடுத்தான் என்று கொண்டாடுகின்றோம். அதே பேகன் தன் மனைவி கண்ணகியைத் தள்ளிவைத்துவிட்டு வேறொருத்தி வீட்டில் இருந்தான். அந்த அம்மாளின் அழுகையைக் கண்டு கபிலர், பரணர் முதலாகப் பல புலவர்கள் போய், எங்களுக்குப் பரிசு வேண்டாம், உன் மனைவியிடம் போ என்று பாடவேண்டியிருந்தது. கேட்காத மயிலுக்குக் கிடைத்தது. உரிமையுள்ள மனைவிக்கு, நான்கு பேர் சிபாரிசு செய்யவேண்டியிருந்தது. இதுதானே கொடையின் யோக்கியதை!

இனி, கொடுத்த பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்று ஒரு பாண்டியன். பேரைக் கவனியுங்கள்: பல யாகசாலைகள் போட்டவன். அவனிடம் நெட்டிமையார் என்னும் புலவர் போனார். பாணர்கள் பொற்றாமரை சூடிக்கொண்டார்கள்; புலவர்கள் யானையும் தேரும் பெற்றார்கள். அதைப் பார்த்த அவர், குடுமியே, பிறருடைய மண்ணை அவர்கள் நோகப் பிடுங்கிக்கொண்டு, உன்னை நேசித்து வந்தவர்களுக்கு மாத்திரம் இனிமை செய்கின்றாயே, இது நியாயமா என்று கேட்டார். இது பழிப்பதுபோலப் புகழ்ந்தது என்று பண்டிதர்கள் சமாதானம் சொல்லுவார்கள். சொல்லட்டும். விளையாட்டாய்ச் சொன்னாலும் உண்மை உண்மைதானே! ஒருவன் வயிற்றில் அடித்துப் பறித்ததுதான் மற்றொருவன் தலையில் தாமரையாய்ப் பூத்தது.

அதே முதுகுடுமி மற்றொரு தானமும் செய்தான் என்று, கி.பி. எட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட வேள்விக்குடிச் செப்பேடு சொல்லுகின்றது. கொற்கைகிழான் நற்கொற்றன் என்பவர் நடத்திய யாகத்தை முன்னிட்டு வேள்விக்குடி என்னும் ஊரையே அவருக்கு அவன் கொடுத்தானாம். பின்னால் களப்பிரர் வந்து அவ்வூர் பறிபோயிற்று. பல தலைமுறை கழிந்து, பாண்டியன் நெடுஞ்சடையன் காலத்தில் நற்கொற்றன் வழிவந்த ஒருவர் வந்து, அது எங்கள் பழைய பாத்தியதை என்று முறையிட்டார். பழமையை நிரூபிக்கும்படி அரசன் கேட்க, அவரும் நிரூபித்து, ஊர் திரும்பக் கிடைத்தது. செப்பிலே வெட்டியும் கொடுக்கப்பட்டது.

தோழர்களே! இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாய்க் கவனிக்கவேண்டும். ஒரே அரசன் இரண்டு பேருக்குக் கொடுக்கின்றான். பாடின பாணனுக்குப் பொற்றாமரை. யாகம் செய்தவருக்கு நிலம். தாமரையை விற்றுத் தின்றால் நாலு மாதம். நிலமோ பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரையில் போய், பறிபோன பின்னும் கேட்டு வாங்கக்கூடியதாய் இருந்தது. முன்னது தயவு, பின்னது பாத்தியதை. யாகம் செய்தவர் கெட்டிக்காரர். பாணன் ஏமாளி. அவன் யாழை எடுத்துக்கொண்டு அடுத்த வள்ளலைத் தேடிப் போய்விட்டான்.

அப்படிப் போன பாணன் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தான்? புறநானூற்றில் மாங்குடிகிழார் பாட்டொன்று, துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய இந்த நாலு குடியைத் தவிர வேறு குடியே கிடையாது என்று பெருமையாய்ச் சொல்லுகின்றது. அந்தப் பேர்களில் எத்தனை பேர் பின்னால் தீண்டாமைக்குப் பேராக ஆக்கப்பட்டன என்பது உங்களுக்குத் தெரியும்.

தெரியாதவர்கள் மறுபடியும் உறையூருக்கே வாருங்கள். திருப்பாணாழ்வார் கதையை வைணவர்களே சொல்லுகிறார்கள். அவர் உறையூரில் பாணர் குடியில் வளர்ந்தவர். ஸ்ரீரங்கம் கோவில் கண்ணுக்கு எதிரே இருந்தும் உள்ளே போகக்கூடாது. காவிரியின் தென்கரையில் நின்றபடியே யாழை வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாராம். சுவாமிக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் என்பவர் விலகிப்போகச் சொன்னார். பாட்டிலே மெய்ம்மறந்திருந்தவர் விலகவில்லை. உடனே ஒரு கல்லை எடுத்து எறிந்தார். நெற்றியில் ரத்தம் வந்தது. பிறகு சுவாமி கனவில் வந்து கோபித்துக்கொண்டதாகவும், கல்லெறிந்தவரே அவரைத் தோளில் சுமந்துகொண்டு உள்ளே போனதாகவும் மீதிக் கதை சொல்லுகின்றது.

கனவையும் தோளையும் நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும். நமக்கு அந்தக் கல் ஒன்றே போதும். எந்த உறையூரில் சோழர்கள் பாணனை எதிர்கொண்டு அழைத்துப் பொன்னால் தாமரை சூட்டினார்களோ, அதே உறையூர்ப் பாணன் நெற்றியிலே பின்னால் கல் விழுந்தது. தாமரை சூட்டிய நெற்றியும் கல் விழுந்த நெற்றியும் ஒரே குடியினுடைய நெற்றிதான். நடுவிலே என்ன நேர்ந்தது? அரசர்களின் தயவு பாணனை விட்டு வேறு பக்கம் திரும்பிற்று, அவ்வளவுதான். தயவு போன பிறகு, இது எனக்குச் சேரவேண்டியது என்று எடுத்துக் காட்டுவதற்குப் பாணன் கையில் ஒரு செப்பேடும் இல்லை.

கதையின்படியே பார்த்தாலும், தோளிலே ஏறிப் போனவர் ஒரே ஒருவர். அவரைச் சுமந்த பின், மற்றப் பாணர்களுக்காவது கதவு திறந்ததா? இல்லை. ஒருவருக்குச் செய்த தயவு கூட்டத்தாருக்கு உரிமையாகாது. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட எல்லோரும் கோவிலுக்குள் போகலாமென்பது, வைக்கம் முதற்கொண்டு எத்தனையோ கிளர்ச்சிகள் நடந்து, 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தபிறகே பொதுவான உரிமை ஆயிற்று. கோவிலால் என்ன பயன் என்பது வேறு விஷயம். போகக்கூடாது என்று ஒருவனைத் தடுக்க இன்னொருவனுக்கு என்ன பாத்தியதை என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் கனவிலே கிடைக்கவில்லை, சட்டத்திலே கிடைத்தது.

இதையெல்லாம் பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கைலாசபுரம் கொதிகலன் செய்யும் தொழிலாளிகள் வாழும் ஊர். உங்களுக்குத் தெரிந்த உதாரணத்தையே சொல்லுகின்றோம். ஒரு காலத்தில் போனசு என்பது முதலாளி மனமிரங்கி, தீபாவளிக்கு வேட்டி துண்டோடு சேர்த்துக் கொடுக்கும் இனாமாய் இருந்தது. தொழிலாளிகள் போராடி, 1965-ல் போனசுச் சட்டம் வந்தது. அதன் பிறகு யாராவது போனசு வாங்கிக்கொண்டு மானேஜர்மேல் ஆற்றுப்படை பாடினதுண்டா? கணக்குக் குறைந்தால் கேட்கிறீர்கள். கொடுக்காவிட்டால் கொடி பிடிக்கிறீர்கள். அதுதான் மானமுள்ள வாழ்வு.

ஆனால் அதே நீங்கள் தொழிற்சாலை வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் பழைய பாணனாக ஆகிவிடுகிறீர்கள். ரேஷன் அரிசி போட்டால் வள்ளல்; பாலம் கட்டினால் வள்ளல்; வெள்ளத்துக்கு நிவாரணம் கொடுத்தால் பாரி, ஓரி, காரி. அந்தப் பணம் யாருடையது? தீப்பெட்டி முதல் செருப்பு வரையில் வாங்குகின்ற ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கட்டின வரிதானே! 2013-ல் உணவுப் பாதுகாப்புக்கென்று சட்டமே வந்தது. சட்டப்படி சேரவேண்டியதை வாங்குவதற்குக் கும்பிடு எதற்கு? கும்பிட்டு வாங்கினால், நாளைக்கு நிறுத்தும்போது ஏன் என்று கேட்பதற்கு வாய் வராது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

ஆகவே, வள்ளல்களைப் பற்றிப் படிக்கவேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நன்றாய்ப் படியுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஆனால் பாரியின் தேரைச் சொல்லும்போது பாணன் வீட்டு அடுப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேகனைச் சொன்னால் கண்ணகியையும் சொல்லுங்கள். பொற்றாமரையைச் சொன்னால் காவிரிக்கரைக் கல்லையும் சொல்லுங்கள். பழந்தமிழரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அரசனுடைய கொடையல்ல. அரசனை முகத்துக்கு நேரே நியாயம் கேட்ட கோவூர்கிழாருடைய, நெட்டிமையாருடைய வாய்தான்.

இவ்வளவும் நம்முடைய அபிப்பிராயம். நாம் சொன்னோம் என்பதற்காக ஏற்றுக்கொள்ளவேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.