இறுகிப் பிடிக்கும் பிரேக்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கார் பிரேக்கைப் பற்றியாகும். 1985ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா காருக்கு முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்கும் இருந்தன. இத்தகைய பழைய கார்களை வைத்திருக்கும் நம் இளைஞர் சிலர், வேறு கார்களிலிருந்து கழற்றிய பெரிய டிஸ்க்குகளை வாங்கிப் பொருத்துகின்றனர். பொருத்திய பின் சக்கரம் இறுகி நின்றால், "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று கூறிவிடுகின்றனர். இறுக்கம் வேறு, பிடிப்பு வேறு என்பதை நாம் உணர வேண்டும்.

காலை எடுத்த பின்னும் விடாத பிரேக் தேய்ந்து சூடேறுகிறது. அச்சூடு பிரேக் எண்ணெய்க்குப் பரவுகிறது. புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதியாமல் தாங்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டாலோ 140 டிகிரியளவிலேயே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். மிதித்த பெடல் பிடிப்பின்றி அடிவரை இறங்கிவிடும். கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலையிலோ, மெனோரா சுரங்கப்பாதையைக் கடந்து ஜெலாப்பாங் நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையிலோ இது நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே காரணத்தை முறையாகக் கண்டறிவோம். காரைச் சமதரையில் நிறுத்தித் தரையிலுள்ள சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, தூக்கிய பகுதியைத் தாங்கியின்மேல் அமர்த்த வேண்டும்; ஜேக்கை மட்டும் நம்பலாகாது. ஹேண்ட்பிரேக்கை விடுத்துச் சக்கரத்தைக் கையால் சுழற்றுக. டிஸ்க்கில் மெல்லிய உரசல் ஒலி கேட்பது இயல்பே. கையால் சுழற்ற இயலாத இறுக்கமே குறையாகும்.

அடுத்து, பெடலை ஒருமுறை மிதித்து விட்டு, இறுகிய சக்கரத்தின் காற்று நீக்கும் திருகைச் சற்றே தளர்த்துக. எண்ணெய் பீறிட்டுச் சக்கரம் இளகினால், குழாயில் அழுத்தம் தேங்கியுள்ளது என்பது பொருள். ஒரு சக்கரம் மட்டும் இவ்வாறாயின், உள்ளே ஊதி அடைபட்ட ரப்பர் குழாயை ஐயுறலாம். எல்லாச் சக்கரங்களும் இவ்வாறாயின் குறை மாஸ்டர் பம்பில் இருக்கக்கூடும்: அதைத் தள்ளும் தண்டுக்குச் சிறு இடைவெளி இல்லாதிருக்கலாம், அல்லது டிரம் பிரேக்குக்காகச் சிறிது அழுத்தத்தை நிறுத்திவைக்கும் அடைப்பான் அதனுள் இருக்கலாம். டிரம்மில் கட்டையைப் பின்னிழுக்க ஸ்பிரிங் உண்டு; டிஸ்க்கில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமே அவ்வேலையைச் செய்கிறது. தேங்கிய அழுத்தத்தை அவ்வளையத்தால் வெல்ல இயலாது.

திருகைத் தளர்த்தியும் சக்கரம் இளகவில்லையெனில் குறை சக்கரத்திலேயே உள்ளது. கேலிப்பர் நகரும் ஊசிகள் வறண்டுள்ளனவா, துருவினால் பிரேக் பேட் சிக்குண்டுள்ளதா, பிஸ்டன் இறுகியுள்ளதா, ஹேண்ட்பிரேக் கம்பி மிகையாக முறுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பிரேக் பேட் சேராவிட்டால் அதன் உராயும் பகுதியை அராவித் தேய்ப்பது தவறு. பொருத்தமான பாகத்தையே மாற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக் கம்பியை இறுதியிலேயே சரிசெய்க.

ஊசிகளுக்குப் பிரேக்குக்குரிய கிரீஸ் அன்றி வேறெதனையும் பூசலாகாது. பெட்ரோலிய எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக் கெடும் என்பது ரப்பரோடு வாழும் நமக்குப் புதிதன்று. பிரேக்கின் ரப்பர் வளையங்களுக்கும் அதே கதிதான். வேலை முடிந்ததும் காற்றை முற்றாக நீக்கி, மட்டமான சாலையில் மெதுவாக ஓட்டிப் பார்த்து, சக்கரங்கள் சமமாகச் சூடேறுகின்றனவா என்று அருகில் கைநீட்டி அறிக. டிஸ்க்கைத் தொடுதல் கூடாது.

இவ்வேலையில் பழக்கமில்லாதோர் தேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே நன்று. மாற்றம் செய்யுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவின் விதிகளையும் கேட்டறிந்துகொள்ள வேண்டும். காரில் செல்வது நாம் மட்டுமன்று. நம் மனைவி மக்களும் உடன் வருகின்றனர். குறை தீராத காரைச் சாலைக்குக் கொண்டுசெல்வதில்லை என உறுதி கொள்வோமாக.