பத்தடிக் காரும் அதன் வாரிசும்

பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டுவோர் சிலர், முன்வாசற் கதவை மட்டும் பேணி வைத்திருந்து புதுச் சுவரிலும் அதையே பொருத்துவதுண்டு. தெருவாற் போகிறவர் கதவைக் கண்டு, "அதே வீடுதான்" என்பர். உள்ளே சென்று சிறிது நேரம் இருந்து எழுந்தவரோ, "இது வேறு வீடு" என்பர். இருவர் கூற்றும் பொய்யன்று.

உலகப் புகழ்பெற்ற சிறிய மோட்டார்க் கார் ஒன்றின் வரலாறும் இத்தகையதே. மினி என்பது அதன் பெயர். 1959 ஆம் ஆண்டு முதல் 2000 ஆம் ஆண்டு வரை உற்பத்தியான பழைய மினி ஒன்று. 2001 இல் அதே பெயரும் அதே முகச்சாயலும் கொண்டு வெளிவந்த புதிய மினி மற்றொன்று. பழையதே மினி, புதியது வெறும் வேடம் என்பார் ஒரு சாரார். பழையது அருங்காட்சியகத்துக்கு உரியது, புதியதே ஓடத்தக்க கார் என்பார் மற்றொரு சாரார். இவ்வழக்கைத் தீர்க்க வேண்டுமாயின், இரண்டும் பிறந்த காரணத்தை முதலில் ஆராய்தல் வேண்டும்.

1956 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் எகிப்தின் தலைவர் நாசர் சுயெஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். தொடர்ந்து மூண்ட போரினாற் கால்வாய் அடைபட்டது. மத்திய கிழக்கிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் எண்ணெய் குறைந்தது. அவ்வாண்டு டிசெம்பர் மாதத்திலே பிரித்தானிய அரசு பெற்றோலைப் பங்கீட்டு முறையில் வழங்கத் தொடங்கிற்று. பெரிய கார் வைத்திருந்தோர் அதனைக் கொட்டகையிற் பூட்டினர். சிறிதளவு பெற்றோலில் நெடுந்தூரம் ஓடும் குமிழ்க் கார்கள் எனப்பட்ட சிறு வண்டிகளுக்கு மதிப்பு உயர்ந்தது. முட்டை போன்ற உருவமும், முன்புறம் முழுவதுமே கதவாகத் திறக்கும் அமைப்பும் கொண்ட இசெட்டா அவற்றுள் ஒன்று. இத்தாலியிற் பிறந்த அதனை ஜேர்மனியில் உற்பத்தி செய்தது பி. எம். டபிள்யூ. நிறுவனம். இந்த நிறுவனத்தின் பெயரை நேயர்கள் மனத்தில் வைத்திருத்தல் நன்று.

ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய கார்களை உற்பத்தி செய்த பிரித்தானிய மோட்டார்க் கூட்டுத்தாபனத்தின் தலைவராக அந்நாளில் இருந்தவர் லெனாட் லோட். குமிழ்க் கார்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவற்றைத் தெருவிலிருந்து துரத்தக்கூடிய உண்மையான சிறு கார் ஒன்றை அமைத்துத் தருமாறு அவர் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரைப் பணித்தார்.

இசிகோனிஸ் என்ற பெயரை இலங்கையிற் பலர் கேட்டிராதிருக்கலாம். அவருடைய கைவேலையைக் காணாதவர் குறைவு. 1948 இல் வெளிவந்து, இந்நாட்டின் தெருக்களிற் பல தலைமுறைகளாக ஓடி, இன்றும் ஆங்காங்கே ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனர் காரை அமைத்தவர் அவரே. 1906 ஆம் ஆண்டில் சிமிர்னா நகரிலே கிரேக்கத் தந்தைக்கும் ஜேர்மானியத் தாய்க்கும் பிறந்தவர். இளமையில் அகதியாக வெளியேறி இங்கிலாந்து வந்தவர். கல்லூரியிற் கணிதத் தேர்வில் மும்முறை தவறியவர். தேர்வுப் பெறுபேற்றைக் கொண்டே மாணவனின் எதிர்காலத்தை அளந்துவிடும் பெற்றோர் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

அவருக்கு இடப்பட்ட நிபந்தனைகள் கடுமையானவை. பத்தடி நீளமும் நான்கடி அகலமும் நான்கடி உயரமும் உள்ள பெட்டிக்குள் கார் அடங்கவேண்டும். பத்தடியில் ஆறடி மனிதருக்கு ஒதுக்கப்பட வேண்டும். புதிய எஞ்சின் செய்யப் பணமும் இல்லை, காலமும் இல்லை. ஏற்கெனவே உள்ள எஞ்சினையே பயன்படுத்த வேண்டும். பின்னர் அகலமும் உயரமும் சில அங்குலம் கூடின. நீளம் மட்டும் பத்தடியிலேயே நின்றது.

எஞ்சியது நான்கடி நீளம். அதற்குள் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பயணப் பொதிகளும் அடங்குவது எங்ஙனம்? அக்காலத்துக் கார்கள் பெரும்பாலானவற்றில் எஞ்சின் நீளவாட்டிற் கிடக்கும். அதன் பின்னே கியர்ப்பெட்டி. அதிலிருந்து நீண்ட தண்டொன்று காரின் அடிவயிற்றின் வழியே பின்சில்லுகள் வரை செல்லும். இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப்பெட்டியை எஞ்சினின் அடியிலேயே அமைத்து, இரண்டும் ஒரே எண்ணெயில் இயங்கச் செய்தார். முன்சில்லுகளே காரை இழுத்தமையால் நீண்ட தண்டு வேண்டப்படவில்லை. அது மறைந்ததும் காரின் தளம் தாழ்ந்து சமமாயிற்று. சில்லுகள் பத்து அங்குல அளவுக்குக் குறுகின. அவை காரின் நான்கு மூலைகளுக்கும் தள்ளப்பட்டன. உருக்குச் சுருள்வில் இடத்தை அடைக்கும் என்பதால், அலெக்ஸ் மோல்ற்றன் என்ற பொறியியலாளர் அமைத்த றப்பர்க் கூம்புகள் அதனிடத்தைப் பெற்றன. இவ்வாறு, பத்தடிக் காரின் தளப்பரப்பில் நூற்றுக்கு எண்பது பங்கு மனிதருக்கும் அவர்தம் பொதிகளுக்கும் உரியதாயிற்று. 848 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன், வளர்ந்தவர் நால்வர் அதில் அமர்ந்து செல்லலாம்.

1959 ஓகஸ்ட் 26 ஆம் நாள் அக்கார் உலகுக்கு அறிமுகமானது. வரியுட்பட அதன் ஆரம்ப விலை 496 பவுண். போட்டியாளரான போர்ட் நிறுவனத்தார் ஒன்றை வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்து, இவ்விலைக்கு விற்றால் ஒவ்வொரு காரிலும் உற்பத்தியாளருக்கு நட்டமே மிஞ்சும் என்று கணக்கிட்டனராம்.

குறைகளும் இல்லாமலில்லை. முதலில் வந்த கார்களில் மழைநீர் தளத்தின் இணைப்புகளால் உட்புகுந்தது. எஞ்சினுக்கு மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் உறுப்பு முன்வலைக்குப் பின்னாலேயே அமைந்திருந்தமையால், பெருமழையில் அது நனைந்து கார் நின்றுவிடுவதும் உண்டு. கதவைத் திறக்க உள்ளே ஒரு கயிறு. கண்ணாடி மேலும் கீழும் இறங்காது, பக்கவாட்டில் நகரும். சாரதி மிகுந்த சுகத்தில் அமர்ந்தால் கவனம் குறையும் என்பது இசிகோனிஸின் கருத்து. வானொலிப் பெட்டிக்கும் தம் காரில் இடம் வைக்க அவர் விரும்பவில்லை. வானொலி நேயர்கள் அவரை மன்னிப்பார்களாக.

இக்குறைகளையெல்லாம் உலகம் பொறுத்துக்கொண்டது. மொன்ரி கார்லோ மோட்டாரோட்டப் போட்டியில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் இந்தச் சிறு காரே முதலிடம் பெற்றது. 2000 ஒக்ரோபர் 4 ஆம் நாள் லோங்பிரிஜ் தொழிற்சாலையிலிருந்து கடைசிக் கார் வெளியேறியபோது, மொத்த உற்பத்தி 53 இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இனி வாரிசின் கதை. மினியை உற்பத்தி செய்த நிறுவனம் பல கைகள் மாறி, 1994 இல் பி. எம். டபிள்யூ. வசமாயிற்று. குமிழ்க் காரைத் துரத்தப் பிறந்த மினி, குமிழ்க் கார் செய்தவர் கைக்கே வந்து சேர்ந்தது. அந்நாளில் அந்நிறுவனத்தின் தலைவராயிருந்த பேர்ன்ட் பிஷெற்ஸ்றீடர், இசிகோனிஸுக்குத் தாய்வழி உறவினர் என்பது மற்றொரு வியப்பு. 2000 ஆம் ஆண்டில் ஜேர்மானியர் அப்பிரித்தானிய நிறுவனத்தை விற்றபோதும் மினியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பிராங் ஸ்ரீபன்சன் என்ற வடிவமைப்பாளரின் வரைவில் உருவான புதிய மினி, 2001 இல் ஒக்ஸ்போர்ட் நகரின் கௌலித் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது.

இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், வட்டக் கண்களும் அகன்ற வாயும் மூலைக்கொரு சில்லும் இரண்டுக்கும் பொதுவே. ஆயின் அளவுநாடாவை எடுத்தவுடன் உறவு தளர்கிறது. பழையதன் நீளம் 3.05 மீற்றர்; புதியதன் நீளம் 3.63 மீற்றர். பழையது ஏறத்தாழ 600 கிலோகிராம் எடையுடையது. புதியது 1,000 கிலோகிராமுக்கும் மேல். எஞ்சின் 1,598 கன சென்ரிமீற்றராகி ஏறத்தாழ இருமடங்காயிற்று.

உள்ளே நுழைந்தால் மற்றொரு வேறுபாடு புலப்படும். பழைய காரில் வேகமானி சாரதியின் முன்னே இல்லை. முன்பலகையின் நடுவில் இருந்தது. இடப்புறம் இருந்து ஓட்டும் நாட்டுக்கும் வலப்புறம் இருந்து ஓட்டும் நாட்டுக்கும் ஒரே அமைப்புப் போதும் என்பது அதன் நன்மை. அதனாற் செலவு குறைந்தது. புதிய காரிலும் வேகமானி நடுவிலேயே, முன்னையினும் பெரிதாக வீற்றிருந்தது. ஆனால் இப்போது அதற்குக் காரணம் செலவுக் குறைப்பன்று. பழைய மினியில் அவ்வாறு இருந்தது என்பதே காரணம். முன்பு தேவையாயிருந்தது பின்பு நினைவுச் சின்னமாயிற்று. புதிய காரின் பல அழகுகள் இவ்வகையின.

இதைக் கொண்டு புதியது வேடமே என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? கூறலாகாது. அவ்வாறு கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். 1959 இல் வந்த காரில் ஆசனப்பட்டி இல்லை. கதவு மெல்லிய தகடு. பெற்றோல் தாங்கி பொதிப்பெட்டியின் உள்ளேயே இருந்தது. எதிரே வரும் லொறியுடன் மோதினால், முன்னாசனத்தில் இருந்தவரின் முழங்காலுக்கும் மோதலுக்கும் இடையே இருந்த தூரம் மிகச் சிறிது. இசிகோனிஸ் மீதப்படுத்திய ஒவ்வோர் அங்குலமும் மனிதருக்கு இடமாயிற்று. ஆனால் மோதலின் வேகத்தைத் தாங்கும் இடம் மிஞ்சவில்லை. அக்காலத்தில் மோட்டார் உலகம் அதைப் பெரிதாகக் கேட்கவும் இல்லை. பிரித்தானியாவில் முன்னாசனப்பட்டி அணிவது சட்டமானதே 1983 இல்தான்.

புதிய மினியின் முன்பகுதி மோதும்போது தானே நசுங்கி, அதிர்ச்சியை உள்வாங்கி, உள்ளிருப்போரின் கூட்டைக் காக்குமாறு அமைக்கப்பட்டது. காற்றுப்பைகள் விரிந்து தலையையும் நெஞ்சையும் தாங்கும். ஐரோப்பிய மோதற் சோதனையில் 2002 இல் அது நான்கு நட்சத்திரம் பெற்றது. அதன் புகை நச்சுத்தன்மை குறைந்து வெளிவரவேண்டும் என்ற விதிக்கும் அது உட்பட்டது. ஆகவே, கூடிய எடையில் ஒரு பங்கு உயிரின் விலை. பிள்ளைகளைப் பின்னாசனத்தில் ஏற்றிச் செல்லும் எந்தப் பெற்றோரும் அதை வீண் என்று சொல்லார்.

ஆயினும் கூடியது முழுவதும் உயிரின் விலையன்று. நீளம் ஏறத்தாழ இரண்டடி வளர்ந்தும், பின்னாசனத்தில் இருப்பவரின் காலுக்கு இடம் அதற்கேற்ப வளரவில்லை. விரைவுக்கும் தோற்றத்துக்கும் சுகத்துக்கும் ஒரு பெரும் பங்கு போயிற்று. வளர்ச்சி அங்கும் நிற்கவில்லை. 2014 இல் விற்பனைக்கு வந்த, புதிய மினியின் மூன்றாம் தலைமுறைக் காரின் நீளம் 3.82 மீற்றர். 2010 இலே வெளிவந்த கன்றிமன் என்ற வகை 4 மீற்றரையும் தாண்டிற்று. சிறியது என்ற பொருள்படும் பெயரை நெற்றியிற் சுமந்துகொண்டு அது பெரிய கார்களின் வரிசையிற் சேர்ந்தது.

அவ்வாறாயின் பழைய மினியின் உண்மையான வாரிசு யார்? இலங்கைத் தெருக்களில் ஓடும் இந்திய, யப்பானிய சிறு கார்களுள் ஏதாவதொன்றின் முன்மூடியைத் திறந்து பார்க்கட்டும். பெரும்பாலும் எஞ்சின் குறுக்காகவே கிடக்கும். முன்சில்லுகளே காரை இழுக்கும். கியர்ப்பெட்டி மட்டும் எஞ்சினின் அடியிலிருந்து அதன் பக்கத்துக்கு மாறியிருக்கும். இயந்திரத்துக்குக் குறைந்த இடம், மனிதருக்குக் கூடிய இடம் என்ற அந்தக் கருத்து, மினி என்ற பெயரே இல்லாத கோடிக்கணக்கான கார்களிற் குடியேறிவிட்டது. பெயரும் முகமும் ஒரு பிள்ளைக்குச் சென்றன; அறிவு மற்றப் பிள்ளைகளுக்குச் சென்றது.

பழையதைப் புதுக்குவோர் இதிலிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு. பழைய பொருளின் உருவத்தை நோக்குமுன், அது எந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்தது என்று நோக்குதல் வேண்டும். குறைந்த பெற்றோலில், குறைந்த விலையில், நால்வர் கொண்ட குடும்பம் எவ்வாறு பயணம் செய்வது என்பதே 1956 இல் எழுந்த கேள்வி. உயிர்க்காப்பும் தூய காற்றும் பின்னர் அதனோடு சேர்ந்த கேள்விகள். புதிய மினி பின்னைய கேள்விகளுக்கு நல்ல விடை கூறிற்று. முதற் கேள்வியை மறந்தது.

அந்த முதற் கேள்வி பழையதாகிவிடவில்லை. 2022 ஆம் ஆண்டில் இலங்கை மக்கள் பெற்றோல் நிலையங்களின் முன்னே இரவும் பகலும் வரிசையில் நின்றனர். குறியீட்டு அட்டையைக் காட்டி வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து பெற்றனர். அவ்வரிசையில் நின்றவர் எவரும் தம் காரின் நெற்றியில் இருந்த பெயரை எண்ணி நின்றிரார். ஒரு லீற்றருக்கு அது எத்தனை மைல் ஓடும் என்பதையே எண்ணி நின்றிருப்பர். பிரித்தானிய மக்கள் 1956 இல் எண்ணியதும் அதுவே.

முன்வாசற் கதவைக் காத்தல் நன்று. பழைய நினைவுக்கு அது மரியாதை. அவ்வீட்டில் முன்பு எத்தனை பேருக்கு இடமிருந்தது என்பதையும் கட்டுகிறவர் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராயின், அக்கதவுக்கும் பொருளுண்டாகும்.