வன்சொல்லும் உரிமையே

மெய்யன்பர்களே! நம் நாவலூர் என்றவுடன், பெயர் ஒற்றுமையால், சுந்தரர் அவதரித்த திருமுனைப்பாடித் திருநாவலூர் நினைவிற்கு வருகின்றது. சடையனாரும் இசைஞானியாரும் பெற்ற அப்பிள்ளை, தெருவில் சிறுதேர் உருட்டிய பருவத்தில் நரசிங்கமுனையரையருக்கு மகனாகி, அரசர் மனையில் வளர்ந்தது.

வளர்ப்புப் பிள்ளைகள் பருவம் எய்தியதும், 'நான் யாருக்கு உரியவன்?' என ஏங்குவர். புத்தூர் மணப்பந்தரில் முதியவராய் வந்த இறைவன், 'இவன் என் அடிமை; அதற்கு ஓலை உண்டு' என்றான். நம்பியாரூரர் 'பித்தனோ' என்றார், ஓலையையும் கிழித்தார். இறைவன் விட்டகன்றானா? இல்லை. திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை காட்டி ஆட்கொண்டான். 'வன்தொண்டன்' என்று பெயரும் சூட்டினான்.

வளர்ப்பில் வளர்ந்த அவரே, பின்னர்க் கோட்புலியாரின் மகளிர் சிங்கடியையும் வனப்பகையையும் தம் மக்களாக ஏற்றார்.

அன்பர்களே! உங்கள் இல்லத்தில் வளரும் பிறர் பிள்ளை வன்சொல் பேசினால், நன்றிகேடு என்று தள்ளாதீர்கள். கிழித்த பின்னும் கைவிடாதவனே நமக்கு வழிகாட்டி. திருச்சிற்றம்பலம்.