படையலும் சாயமும்

பெரியதொரு மண்டையோடு, கிட்டப் போய்ப் பார்த்தால் எலும்பு இல்லை, எல்லாம் எவர்சில்வர் பாத்திரங்கள். பீகாரில் பிறந்த சுபோத் குப்தா 2006இல் செய்த இந்தச் சிற்பத்தின் பெயர் ‘மிகவும் பசித்த கடவுள்’. மறு ஆண்டே லண்டனில் டேமியன் ஹர்ஸ்ட், பிளாட்டினத்தில் வார்த்த மண்டையோட்டில் 8,601 வைரக்கற்களைப் பதித்தார். வாங்கிச் சேர்க்கும் இன்பத்துக்குள்ளேயே சாவும் குடியிருக்கிறது என்பது இரண்டுக்கும் பொதுவான சேதி. 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியர்கள் பாதி உரித்த எலுமிச்சையையும் மதுக்கிண்ணத்தையும் மண்டையோட்டையும் வரைந்து சொன்னதும் அதைத்தான். ஆனால் இவ்வகைக் கலையை எடைபோட அந்தச் சேதி மட்டும் போதாது. சுவைத்தவர் யார், செத்தவர் யார் என்பதை அந்தப் பண்டம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதற்கான உரைகல் நம் வீடுகளிலேயே இருக்கிறது. இறந்தவருக்குப் படைக்கும்போது சாவைப் பற்றிப் பொதுவாக எதுவும் படைப்பதில்லை. வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலை, சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு, குடித்தவருக்குக் கால் போத்தல் சாராயம். இலையைப் பார்த்தே இது இன்னாருக்கு என்று உறவுக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். கடைச்சரக்கு அங்கே ஓர் ஆளின் அடையாளமாகிவிடுகிறது. இந்த உரைகல்லில் வைர மண்டையோடு மங்குகிறது. குப்தாவின் பாத்திரங்களில் சமையலறை தெரிகிறது; பசித்தவரின் முகம் தெரியவில்லை.

இலங்கையின் மலையகக் கலைஞர் ஹனுஷா சோமசுந்தரம் எடுத்துக்கொண்டவை, பாவித்த தேயிலைப் பைகளும் தேநீர் வடிகளும். சுவையைச் சுடுநீர் கொண்டுபோன பிறகு பையில் மிஞ்சுவது பழுப்புக் கறை. நாம் குடிப்பதும் சாயம், துணியில் பட்டால் போகாததும் சாயம். மாத்தளைக்காரருக்கு இதன் பொருள் விளங்கும். கோப்பிக் காலத்தில் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் பலரை வழியிலேயே கொண்டுபோயின. தப்பி வந்தவர்கள் களைப்பாறிய இடத்தில்தான் முத்துமாரி அம்மன் குடிகொண்டாள் என்பது ஊர் வழக்கு. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை வந்தது. பயிர் மாறியது, ஆட்கள் வந்த பாதை உடனே மாறவில்லை. வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களுக்குப் படைக்க, சாயம் இறங்கிய பையைவிடப் பொருத்தமான பண்டம் எது?

குப்பையைச் சுவரில் மாட்டினால் கலையாகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. கைத்திறன் போலவே பொருளைத் தேர்வதும் கலைதான். வைரத்தை எடுத்துவிட்டு மாணிக்கம் பதித்தாலும் ஹர்ஸ்டின் சேதி மாறாது. தேயிலைப் பையை எடுத்துவிட்டால் ஹனுஷாவின் படைப்பே இல்லை. இன்னொரு கேள்வி கடினமானது: காட்சிக்கூடத்தில் துயரமும் விலைக்குப் போகாதா? போகும். அந்த ஆபத்தை எந்தக் கலையும் முழுதாகத் தாண்டிவிடவில்லை. ஆனால் வைரத்தைப் பார்த்தவர் அதன் விலையை எண்ணிக்கொண்டு வெளியே வருவார். பையைப் பார்த்தவருக்குக் காலையில் தான் குடித்த தேத்தண்ணி நினைவுக்கு வரும். படையல் என்றால் உறவுகள் கூடியிருந்து உண்ண வேண்டும். இத்தகைய படைப்பும் நகரத்துக் காட்சிக்கூடத்தோடு நின்றுவிடாமல், கொழுந்து எடுப்பவர்கள் நின்று பார்க்கக்கூடிய மாத்தளை மண்டபம் ஒன்றுக்கு வர வேண்டும். இலையைப் பார்த்து இது இன்னாருக்கு என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.