ஒரு நகரம், மூன்று கதைகள்



இன்று நம் பிள்ளைகள் கையில் புழங்கும் பொருள்களில் பெற்றோருக்கு அதிகம் விளங்காதது வீடியோ விளையாட்டு. "என்னவோ சுடுகிறான், என்னவோ கார் ஓட்டுகிறான்" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால், அந்தத் திரைக்குள் ஒரு நீண்ட கதை நடக்கிறது. அக்கதை முடிந்த பின் அதன் கிளைக்கதைகள் தனியே விலைக்கு வருகின்றன. அவற்றைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

முதலில், திறந்த உலக விளையாட்டு என்றால் என்ன? பழைய விளையாட்டுகளில் பாதை ஒன்றுதான்; முன்னே போக வேண்டும், தடையைத் தாண்ட வேண்டும். திறந்த உலக விளையாட்டில் ஒரு நகரமே அமைக்கப்பட்டிருக்கும். வீதி, பாலம், கடை, இரயில் எல்லாம் உண்டு. விரும்பினால் கதையைத் தொடரலாம். இல்லையென்றால் ஊர் சுற்றலாம்.

இவ்வகையில் பெயர் பெற்றது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசை. வாகனத் திருட்டுக் குற்றத்துக்கு அமெரிக்காவில் வழங்கும் சொல்லே அதன் பெயர். கதை அமெரிக்க நகரங்களைப் போன்ற ஊர்களில் நடந்தாலும், அதை உருவாக்கியவர்கள் ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள். முதல் விளையாட்டு 1997-இல் வந்தது. 1999-இல் 'லண்டன் 1969' என்ற கூடுதல் பகுதி வந்தது. மூல விளையாட்டின் தட்டு கையில் இருந்தால்தான் அதை ஆட முடியும்.

2008 ஏப்ரல் 29-இல் நான்காம் விளையாட்டு வெளியானது. நியூயார்க் நகரைப் பார்த்து அமைத்த 'லிபர்ட்டி சிட்டி' அதன் களம். கதை நாயகன் நிக்கோ பெல்லிக், கிழக்கு ஐரோப்பாவில் போரைக் கண்டவன். அமெரிக்காவில் மாளிகையில் வாழ்வதாக அவன் உறவினன் கடிதம் எழுதுகிறான். அதை நம்பிக் கப்பலேறி வந்தவன் காண்பதோ ஒரு சிறிய அறையும் கடன்தொல்லையும்தான். ஆசை வார்த்தையை நம்பிக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இது புதிய செய்தி அன்று.

பிறகு 2009-இல் இரண்டு கிளைக்கதைகள் வந்தன. பிப்ரவரி 17-இல் வந்தது 'தி லாஸ்ட் அண்ட் டேம்ன்ட்'. மோட்டார் சைக்கிள் கூட்டமொன்றின் துணைத்தலைவன் ஜானியின் கதை அது. தலைவன் திரும்பி வந்ததும் கூட்டம் இரண்டாகப் பிளந்து, தமக்குள்ளேயே அடித்துக்கொண்டு அழிகிறது. அக்டோபர் 29-இல் வந்தது 'தி பாலட் ஆஃப் கே டோனி'. இரவு விடுதிகள் நடத்தும் டோனியிடம் வேலை செய்யும் லூயிஸ் என்பவனின் கதை அது.

மூன்று கதைகளும் ஒரே காலத்தில், ஒரே நகரத்தில் நடக்கின்றன. மூன்றையும் இணைப்பது ஒரு பொதி வைரம். அருங்காட்சியகத்தில் அதை விற்க நிக்கோவும் ஜானியும் போகிறார்கள். திடீரென லூயிஸ் புகுந்து சுடுகிறான். நிக்கோவின் கதையில் லூயிஸ் யாரோ ஒரு முரடன். லூயிஸின் கதைக்குள் போனால்தான், அந்த வைரத்தைத் தன் முதலாளி முன்பே விலைபேசியிருந்ததும், ஜானியின் கூட்டம் இடையில் பறித்ததும் தெரிகிறது. நிக்கோவின் கண்ணுக்கு ஜானி பணத்தோடு ஓடிப்போனவன். ஜானியின் கதையிலோ அவன் யாரையும் நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டவன்.

ஒரே நிகழ்ச்சியை மூவர் சொல்வதுபோல எழுதுங்கள் என்று பள்ளியில் நாங்கள் கட்டுரைப் பயிற்சி கொடுப்பதுண்டு. அந்தப் பயிற்சியைத்தான் பெருஞ்செலவில் இவர்கள் செய்திருக்கிறார்கள். கதை சொல்லும் திறமையை நாம் மறுக்கவில்லை.

இதில் வாணிபமும் உண்டு. நகரத்தை முன்பே கட்டியாகிவிட்டது. அதே வீதிகளில் புதிய ஆட்களை நடமாட விட்டால் புதிய சரக்கு தயார். ஒவ்வொரு கிளைக்கதையும் 20 அமெரிக்க வெள்ளிக்கு விற்றது. இவை முதலில் தன் கருவியில் மட்டுமே வெளிவர வேண்டும் என்பதற்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 5 கோடி அமெரிக்க வெள்ளி கொடுத்தது. மற்றக் கருவிகளுக்கு 2010-இல்தான் வந்தன.

2013-இல் வந்த ஐந்தாம் விளையாட்டுக்குக் கிளைக்கதை ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதிலாகப் பலர் இணையத்தில் கூடி ஆடும் நகரம் வந்தது. அங்கே செலவிடும் பொய்ப்பணத்தை உண்மைப் பணம் கொடுத்து வாங்கலாம். கிளைக்கதைக்கு ஒருமுறை காசு கொடுத்தால் போதும். இந்தச் செலவுக்கு முடிவில்லை. பெற்றோர் இங்கே விழிப்பாக இருக்க வேண்டும். வங்கி அட்டையின் எண்களைப் பிள்ளையின் கைப்பேசியில் பதிந்து வைக்காதீர்கள்.

அதைவிட முக்கியமானது வயது. இது கொலையும் கொள்ளையும் போதைப்பொருளும் நிறைந்த கதை, பெரியவர்களுக்காகவே செய்தது. ஐரோப்பியப் பெட்டியில் 18 என்ற எண் இருக்கும். அமெரிக்கப் பெட்டியில் 'எம்' என்ற எழுத்து இருக்கும். 17 வயதும் அதற்கு மேலும் என்பது பொருள். சிங்கப்பூரிலும் 2008-இல் வீடியோ விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் பிரிக்கும் முறை வந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தாய்க்கும் 18 என்ற எண் தெரியும். அதைப் பார்த்த பிறகு பத்து வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுக்கலாமா? கள்ளப் பிரதியில் அந்த எண்கூட இராது. அதை வீட்டுக்குள் விடாமல் இருப்பதே நல்லது.

வளர்ந்த பிள்ளை ஏற்கெனவே ஆடியிருந்தால் என்ன செய்வது? பிரம்பை எடுத்தால் அவன் அடுத்த வீட்டில் போய் ஆடுவான். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "தம்பி, அந்த மூன்று பேரில் யாருக்கு வைரம் கிடைத்தது?" அவன் யோசித்துப் பார்ப்பான். மூவருக்கும் கிடைக்கவில்லை. கடைசியில் வீடற்ற ஒரு மனிதர் குப்பைத் தொட்டியில் அதைக் கண்டெடுக்கிறார். "அப்படியானால் எதற்காக இத்தனை பேர் செத்தார்கள்?" என்று அடுத்துக் கேளுங்கள். அதற்கு அவன் சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேட்பதுதான் நம் வேலை. எது கதை, எது வாழ்க்கை என்று அவன் பிரித்தறிகிறானா என்பது அப்போது நமக்குத் தெரிந்துவிடும்.