பழைய பைக்குக்குப் புது சைலன்சர்: வாங்கும் முன் சில வார்த்தைகள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் கீழ்த்தளப் பார்க்கிங்கில் ஒருமுறை நடந்து பாருங்கள். இருபது வருடம் தாண்டிய புல்லட், ஆர்.எக்ஸ். 100, ஸ்பிளெண்டர், டி.வி.எஸ். எக்ஸ்.எல். எல்லாம் நிற்கும். அப்பா ஓட்டி மகன் கைக்கு வந்த வண்டிகளும் அதில் உண்டு. எஞ்சின் நன்றாக இருக்கும், சைலன்சர் மட்டும் பொத்துப் போயிருக்கும். "மாத்துறதுதான் மாத்துறோம், கொஞ்சம் கெத்தா ஒண்ணு மாட்டிருவோம்" என்று தம்பிமார் கிளம்புவது அப்போதுதான். அதன் பிறகு சங்கத்துக்குப் புகார் வருகிறது. வண்டி வைத்திருப்பவருக்கும் அந்தச் சத்தத்தில் தூங்க முடியாதவருக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

முதலில், நம் ஊரில் சைலன்சர் ஏன் இத்தனை சீக்கிரம் போகிறது? உப்புக்காற்று என்பீர்கள். பாதி உண்மை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம் என்று இருக்கும் ஊரில் குரோம் பூச்சுக்கு ஆயுசு குறைவுதான். மீதிப் பாதி உள்ளே இருந்து வருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிறது. தூரமாக ஓட்டினால் சைலன்சர் முழுக்கச் சூடேறி அந்த ஆவி போய்விடும். நாம் ஓட்டுவதோ மார்க்கெட் வரை, பள்ளிக்கூடம் வரை, சாயங்காலம் ரோச் பூங்கா வரை. சூடேறும் முன்பே வண்டியை அணைத்துவிடுகிறோம். ஆவி உள்ளேயே தண்ணீராகித் தங்கி இரும்பைத் தின்கிறது. வெளியே பளபளவென்று இருக்கும் சைலன்சரை அடியில் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே துரு ஏறிவிட்டது.

பல சைலன்சர்களின் அடியில் சின்னதாக ஒரு துளை இருக்கும். அந்தத் தண்ணீர் வடியத்தான் கம்பெனிக்காரர்கள் அதை வைத்திருக்கிறார்கள். அதை ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆளைச் சொல்லவில்லை.

அப்படியானால் என்ன வாங்குவது? அந்த மாடலுக்கே உரிய, அதே அளவும் அதே உள்ளமைப்பும் கொண்ட சைலன்சர் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் அதே வடிவம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் கடையில் "எஸ்.எஸ்." என்றதும் மயங்கிவிடாதீர்கள். 202 என்பது மலிவான ரகம், நம் காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். 304 அதைவிடத் தாங்கும். 316 கடல்காற்றுக்கு இன்னும் ஏற்றது, விலையும் அதிகம். காந்தம் வைத்துப் பார்க்கும் பழக்கம் முழுதாக உதவாது. 202, 304 இரண்டிலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. கம்பெனி சைலன்சர்களில் வரும் 409 ரகத்தில் நன்றாக ஒட்டும், ஆனாலும் அது ஸ்டெயின்லெஸ்தான். எந்த ரகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

பைப்பைச் சுற்றித் துணிப்பட்டை கட்டும் மோகம் ஒன்று வந்திருக்கிறது. வறண்ட ஊருக்கு அது சரிப்படலாம். இங்கே அது உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்து பைப்பை அரிக்கும். போர் தண்ணீரில் வண்டி கழுவினால் கடைசியில் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு ஒரு நீண்ட சுற்று ஓட்டி வாருங்கள்.

இனி சத்தத்துக்கு வருவோம். சத்தம் கூடினால் பவர் கூடும் என்பது தவறான கணக்கு. பழைய 350 புல்லட் எஞ்சின் சுமார் 18 குதிரைத்திறன் கொண்டது. உள்தடுப்பே இல்லாத குழாயை மாட்டி, கார்புரேட்டரைத் தொடாமல் விட்டால், காற்று அதிகமாகி பெட்ரோல் குறைந்த கலவையாகிவிடும். ஆக்சிலேட்டரை விட்டதும் படபடவென்று வெடிக்கும், பைப் நீலம் பாயும். பிளக்கைக் கழற்றினால் காப்பித்தூள் நிறத்துக்குப் பதில் வெள்ளையாக இருக்கும். ஜெட் மாற்றிச் சரி செய்தாலும் ஏதாவது பவர் கூடுவது உச்ச வேகத்தில்தான். பாளையங்கோட்டை ரோட்டு டிராஃபிக்கில் நமக்குத் தேவை கீழ்வேக இழுவை, பல நேரம் குறைவது அதுதான்.

ஆர்.எக்ஸ். 100 விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சர் எஞ்சினின் ஒரு பாகம் மாதிரி. புகையோடு சேர்ந்து தப்பிக்கப் பார்க்கும் புதுக் கலவையை, சைலன்சரின் குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அழுத்த அலைதான் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த வடிவத்தை வெட்டினால் சத்தம் கூடும், வண்டி மந்தமாகும். "இழுக்க மாட்டேங்குது" என்று வரும் பழைய டூ-ஸ்ட்ரோக்குக்குப் பெரும்பாலும் புது சைலன்சரே தேவைப்படாது. எண்ணெய்க் கரி அடைத்திருக்கும். பின்னால் இருக்கும் தடுப்புக்குழாயைக் கழற்றிக் கரி எடுத்தாலே வண்டி பறக்கும். நல்ல மெக்கானிக் அண்ணாச்சிகள் செலவே வைக்காமல் சொல்லும் 'அப்கிரேட்' இதுதான்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. புது வண்டிகளுக்கான ஒலி வரம்பு 80 முதல் 175 சிசி வரை 77 டெசிபல், அதற்கு மேல் 80. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை அனுமதி 45 டெசிபல்தான். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் ஒலி, புகை விதிமீறலுக்கு ரூ.10,000 வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். லைசென்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும்.

நம் பார்க்கிங் மூன்று பக்கச் சுவரும் மேலே கான்கிரீட்டும் கொண்டது. கிக்கர் அடித்ததும் சத்தம் எதிரொலித்து முதல் மாடிப் படுக்கையறைக்குப் போய்விடும். துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் நைட் ஷிப்ட் முடித்து, காலை எட்டு மணிக்குப் படுப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பகல்தான் இரவு. அதனால் ஒரு வேண்டுகோள். பழைய வண்டியை கேட் வரை தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் சூடாக வேண்டும் என்று நின்ற இடத்திலேயே முறுக்க வேண்டாம், மெதுவாக ஓட்டினாலே சூடாகிவிடும்.

கடைசியாக ஒன்று. புது சைலன்சர் மாட்டியதும் பழையதைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும். புதிதாக மாட்டியதை ஆய்வாளர் ஏற்காவிட்டால் ஒரிஜினலைத் தேடி அலைய நேரும். பழைய மாடல்களுக்கு அது கிடைப்பது வருடா வருடம் கஷ்டமாகிக் கொண்டே போகிறது. ஓட்டையாக இருந்தாலும் பற்றவைத்து, உள்ளே எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி மேல் பரணில் போட்டு வையுங்கள்.